தலைப்பில் கொலை, வாசகத்தில் மரணம்

பிரிட்டன் நாடாளுமன்றம் 2004-இல் நிறைவேற்றிய குடும்ப வன்முறை, குற்றம், பாதிக்கப்பட்டோர் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் ஒரு பாடபேதம் ஒளிந்திருக்கிறது. சுவடிகளில் ஏட்டுக்கு ஏடு பாடம் மாறும். இங்கே ஒரே பிரிவுக்குள் தலைப்புக்கும் வாசகத்துக்கும் இடையில் மாறுகிறது. தலைப்பில் இருப்பது ‘ஹோமிசைட்’, அதாவது கொலை. வரையறைக்குள் போனால் ‘டெத்’ என்றுதான் இருக்கிறது, அதாவது மரணம். பதினாறு வயது நிரம்பிய ஒருவரின் மரணம், உறவினரோ, நெருங்கிய துணையாக இருந்தவரோ, ஒரே வீட்டில் வசித்தவரோ இழைத்த வன்முறையாலோ கொடுமையாலோ புறக்கணிப்பாலோ நேர்ந்திருந்தாலும், நேர்ந்ததாகத் தோன்றினாலும், பாடம் படிக்கும் நோக்கில் அதன் சூழ்நிலையை மறுஆய்வு செய்வது என்பது அந்த வரையறையின் சாரம். யாரோ யாரையோ கொன்றதாக வரையறுக்கும் வாசகம் எங்கும் சொல்லவில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடும்பக் கொலை மறுஆய்வுக் குழுக்களுக்கு ஆதாரம் இந்தப் பிரிவுதான். குற்றவாளியைக் கண்டுபிடிப்பது இக்குழுக்களின் வேலையில்லை. அது போலீஸுக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. இறந்தவர் உயிரோடு இருந்தபோது எந்தெந்தக் கதவைத் தட்டினார், திறந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதே கேள்வி. இப்படியொரு குழு எங்கிருந்து வந்தது?

இதற்குப் பரவலாக ஏற்கப்பட்ட பதிலைத் தந்தவர் அமெரிக்க ஆய்வாளர் நீல் வெப்ஸ்டேல். குடும்ப வன்முறை மரண மறுஆய்வு அமெரிக்க மாநிலங்களுக்குப் பரவியதில் அவருக்குள்ள பங்கை மறுக்க முடியாது. 1999-இல் வேறு இருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், பழிசொல்லும் பண்பாட்டிலிருந்து பாதுகாப்புப் பண்பாட்டுக்கு நகர்வதாக அவர் இந்த முயற்சியை வருணித்தார். விமானம் விழுந்தால் விமானியைத் தூற்றுவதோடு நிற்காமல் ஏன் விழுந்தது என்று ஆராய்கிறார்கள். மருத்துவமனையிலும் அணு உலையிலும் அதே அணுகுமுறை உண்டு. குடும்ப வன்முறை மரணத்தையும் அப்படியே பார்த்தால் என்ன என்பது அவர் வாதம். யாரையும் குற்றம் சாட்டுவதில்லை, வெட்கப்பட வைப்பதில்லை என்ற உறுதி இருந்தால்தான் காவலரும் நலப்பணியாளரும் வாய் திறப்பார்கள் என்கிறார்.

நடைமுறை யோசனை என்ற அளவில் இது நல்ல யோசனை. தன் கோப்பைத் தானே எடுத்துவந்து மேசைமேல் வைக்கும் அதிகாரிக்கு ஏதேனும் ஓர் உறுதிமொழி தேவைதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நடைமுறைக்காகச் சொன்னது காலப்போக்கில் வரலாறாக வாசிக்கப்பட்டுவிட்டது. மறுஆய்வுக் குழு பாதுகாப்புப் பொறியியலின் பிள்ளை என்றும், பழிசொல்லாமை அதன் பிறவிக் குணம் என்றும் எண்ணம் படிந்துவிட்டது. சான்றுகள் அந்தப் பக்கம் சாயவில்லை.

முதல் சான்று வெப்ஸ்டேலே தொடக்கமாகக் காட்டும் சான் பிரான்சிஸ்கோ. 1990 ஜனவரியில் அந்நகரில் ஒரு பெண்ணைக் கணவன் கொன்றுவிட்டுத் தானும் செத்தான். அவள் ஏற்கெனவே அவனைப் பிரிந்திருந்தவள். போலீஸ், அரசு வழக்கறிஞர், குடும்ப நீதிமன்றம் என்று ஏறி இறங்கியவள். கொன்றவனும் இறந்துவிட்டதால் வழக்கு இல்லை. வழக்கு இல்லாததால் நீதிமன்றத்தில் கேள்வியும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் பெண்கள் அமைப்பினர் நகர மகளிர் ஆணையத்திடம் போய் விசாரிக்கச் சொன்னார்கள். 1991-இல் வந்த அறிக்கை அரசுத் துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாததை வரிசையாக எடுத்துக்காட்டியது. ஆராய்ச்சிக் கூடத்தின் அமைதி இதில் எங்கே இருக்கிறது? நகரத்தின் மேல் நகரத்திடமே கொடுத்த புகார் இது.

இரண்டாவது, விமான உவமையே அவருக்கு எதிராகத் திரும்புகிறது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விமான நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, விபத்துக்கான காரணம் இதுவாக இருக்கலாம் என்று அச்சிட்டு வெளியிடுகிறது. வாரியம் காரணம் கூறும் அறிக்கையை நஷ்டஈட்டு வழக்கில் சான்றாக்க முடியாதே தவிர, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மரண மறுஆய்வுக் குழுவின் நடவடிக்கைகளோ சட்டப்படி இரகசியம். பல மரணங்களைக் கூட்டிக் கலந்த பொது அறிக்கைதான் வெளியே வரும். விமானத் துறையிலிருந்து கடன் வாங்கியவர்கள் மென்மையை எடுத்துக்கொண்டு பகிரங்கத்தை விட்டுவிட்டார்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

மூதாதையர் என்று தேடினால் வேறு சிலர் கிடைக்கிறார்கள். பிரசவ மரணங்களை இரகசியமாக ஆராயும் முறை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1952 முதல் உண்டு. பழிசொல்லாத மரபுக்கு விமானத்தைவிட இதுவே நெருக்கமான முன்னோடி. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி 1978-இல் குழந்தை மரண மறுஆய்வுக் குழுவைத் தொடங்கியது. பிரைட்டனில் 1973-இல் மாற்றாந்தந்தையின் அடியால் இறந்த சிறுமியைப் பற்றிய அரசு விசாரணை 1974-இல் அறிக்கை தந்தது. அதில் பழி தாராளமாகவே இருந்தது. ஆக வம்சாவளி ஒற்றைக் கோடாக வரவில்லை. மருத்துவர்களின் மூடிய அறையும் புகார்தாரர்களின் திறந்த மன்றமும் அதில் கலந்திருக்கின்றன.

இனி அந்தப் பாடபேதம். 9-ஆம் பிரிவில் ‘நேர்ந்ததாகத் தோன்றினாலும்’ என்ற தொடரைச் சட்ட வரைவாளரின் வழக்கமான எச்சரிக்கை என்று தள்ளிவிடலாம். மறுஆய்வு தொடங்கும்போது கொலை வழக்கு முடிந்திருக்காது, தீர்ப்புக்கு முன் முடிவு கூறக்கூடாது, அதனால் ‘தோன்றினாலும்’ என்று போட்டிருப்பார்கள். இந்த விளக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது அரைத் தொடரைத்தான் விளக்குகிறது. எச்சரிக்கை மட்டுமே நோக்கம் என்றால் ‘கொலையாகத் தோன்றும் மரணம்’ என்றே எழுதியிருக்கலாம். வாசகம் கொலையைத் தொடவே இல்லை. வன்முறை, கொடுமை, புறக்கணிப்பு என்று மூன்று காரணங்களை அடுக்கி, மரணம் அவற்றின் விளைவாக இருந்தால் போதும் என்கிறது. புறக்கணிப்பு மெதுவாகக் கொல்லும். கொடுமை சில சமயம் இறந்தவரின் கையைக் கொண்டே கொல்லும். தற்கொலைக்கு வாசலை 2004-இன் வாசகமே திறந்துவைத்துவிட்டது என்பது இக்கட்டுரையின் வாதம். வரைவாளர் தற்கொலையை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்று நிறுவ இந்தத் தொடரைத் தவிர வேறு ஆதாரத்தை இக்கட்டுரை நம்பியிருக்கவில்லை. ஒற்றைத் தூணில் நிற்கும் வாதம் இது. ஆனாலும் தூண் உறுதியானது. உள்துறை 2016 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, துணையின் அடக்குமுறை போன்ற கவலைக்குரிய சூழலில் ஒருவர் தன்னுயிரை மாய்த்துக்கொண்டால், யார்மீதும் வழக்கு இல்லாவிட்டாலும் மறுஆய்வு வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னது. அதற்காக நாடாளுமன்றம் பிரிவைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கே இருந்த சொல்லை உரக்க வாசித்ததோடு சரி.

பழிசொல்லாமைக் கோட்பாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கொலை என்றால் பழியைச் சுமக்கப் பெரும்பாலும் ஓர் ஆள் ஏற்கெனவே சிறையில் இருக்கிறான். அவன் இருக்கும்வரை மற்ற துறைகளைப் பார்த்து ‘உங்களைக் குறை சொல்லவில்லை’ என்பது எளிது. தற்கொலையில் பெரும்பாலும் கூண்டில் நிற்க ஆளே இல்லை. அங்கே கேள்வி நேராகத் துறைகளின் மேல்தான் விழும். உள்துறையின் வழிகாட்டி குற்றப்பொறுப்பை நிர்ணயிப்பதை மரண விசாரணை அதிகாரியான கரோனருக்கும் நீதிமன்றத்துக்கும் விட்டுவிட்டது. துறைகள் பதில் சொல்வதை விட்டுவிடவில்லை. குற்றமும் பொறுப்பும் வேறு வேறு. வெப்ஸ்டேலின் வாசிப்பில் இரண்டும் ஒரே பானையில் வெந்துவிட்டன.

சட்டம் 2004-இல் வந்தாலும் 9-ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்தது 2011 ஏப்ரல் 13-இல். நடுவில் ஆறு ஆண்டுகளுக்கு மேல் அது ஏட்டுச் சுரைக்காய். அதை எழுப்பியதில் ஒரு குடும்பத்துக்குப் பங்குண்டு. ஃபிராங்க் முல்லேன் என்பவரின் சகோதரியும் அந்தச் சகோதரியின் மகனும் 2003-இல் கொல்லப்பட்டார்கள். வெஸ்ட் பெர்க்‌ஷயரில் அந்த மரணங்களைப் பற்றிய மறுஆய்வு அறிக்கை 2008-இல் வெளிவந்தது, பிரிவு நடைமுறைக்கு வருவதற்கு முன்பே. இதுபோல் உறவை இழந்தவர்களுக்குத் துணைநிற்க அதே ஆண்டு அவர் ஓர் அமைப்பைத் தொடங்கினார். பாதுகாப்பு நிபுணர் எவரும் அந்த நீண்ட தூக்கத்தைக் கலைத்ததாகச் சொல்ல முடியாது. விடாமல் கதவைத் தட்டியவர்களில் முன்னால் நின்றது இழந்தவர்கள்தாம்.

அப்படியானால் இந்த நிறுவனத்துக்கு எந்த ஆண்டைப் பிறந்த ஆண்டாகக் கொள்வது? 1991 என்றால் அது ஒரு நகரத்தின் ஒற்றை விசாரணை. கலிபோர்னியா தன் கவுண்டிகளுக்கு இத்தகைய குழுக்களை அமைக்க அனுமதி தந்தது 1995-இல். அது அனுமதி, கட்டாயமல்ல. 2004 என்றால் உறங்கிக் கிடந்த பிரிவு. 2008 என்றால் சட்டத்தை முந்திய அறிக்கை. 2011 பதிவேட்டுக்கு வசதியான தேதி, அவ்வளவுதான். எதைப் பிறப்பு என்று கொள்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

அறிக்கை ஒன்றைக் கையில் எடுத்தால் கோட்பாட்டுச் சண்டை சற்று மறந்துபோகும். முகப்பில் இறந்தவருக்கு ஒரு புனைபெயர் இருக்கும். வெறும் முதலெழுத்தோ எண்ணோ போடுவதைவிடப் புனைபெயரே மேல் என்பது வழிகாட்டியின் நிலைப்பாடு; குடும்பத்தாரே பெயரைத் தேர்வதும் உண்டு. உள்ளே நீளமான காலவரிசை. ஒவ்வொரு துறையும் தன் கோப்பைத் தானே அலசித் தந்த குறிப்புகளை ஒரே நூலில் கோத்திருப்பார்கள். குடும்ப மருத்துவரிடம் தூக்கமின்மைக்குப் போன நாள், பள்ளியில் பிள்ளை வராத வாரம், வீட்டுவசதித் துறைக்குப் பூட்டு மாற்றித் தரச் சொல்லி வந்த அழைப்பு, பக்கத்து வீட்டுக்காரர் போலீஸுக்குப் போட்ட போன். தனித்தனியே பார்த்தால் எல்லாம் அன்றாட விஷயம். அடுக்கினால்தான் அடுத்து வருவது தெரிகிறது. அந்த அடுக்கு முதன்முதலில் உருவாவதே மரணத்துக்குப் பிறகுதான்.

மற்ற நாடுகள் தத்தம் வழியில் போயின. கனடாவின் ஒன்டாரியோவில் இரண்டு கரோனர் விசாரணைகளின் ஜூரிகள் 1998-லும் 2002-லும் தந்த பரிந்துரைகளின் தொடர்ச்சியாக 2003-இல் தலைமைக் கரோனர் அலுவலகத்தில் குழு அமைந்தது. அபாயக் குறிகளைப் பட்டியலிட்டு ஒவ்வொரு மரணத்தோடும் ஒப்பிடும் அதன் அறிக்கைகளில், முந்தைய வன்முறையும், பிரிந்ததோ பிரியப்போவதோ முன்வரிசையில் நிற்கின்றன. நியூசிலாந்து 2008-இல் தேசிய அளவிலேயே ஒரு குழுவை நியமித்தது. இவ்விரண்டும் மையத்தில் இருந்து பார்ப்பவை. இங்கிலாந்தில் உள்ளூர்க் கூட்டமைப்புதான் குழுவைக் கூட்டுகிறது, உள்துறை அறிக்கையின் தரத்தைச் சோதிக்கிறது. அறிக்கைகளை ஒரே இடத்தில் படிக்க நூலகம் வந்தது 2023-இல்தான்.

இதற்கிடையே பாடபேதம் எண்ணிக்கையாகவும் வெளிப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில், குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களின் தற்கொலை எனச் சந்தேகிக்கப்பட்டவை 93. துணைவரால் நேர்ந்த கொலைகள் 80. போலீஸ் திரட்டிய கணக்கு இது. 2024-இல் வந்த சட்டம் மறுஆய்வின் பெயரிலிருந்தே ‘கொலை’யை எடுத்துவிட்டு ‘குடும்ப வன்முறை தொடர்பான மரணம்’ என்று வைத்தது. இருபது ஆண்டுகள் கழித்துத் தலைப்பு வாசகத்தின் பக்கம் வந்து சேர்ந்தது.

தமிழ் வாசகருக்கு இந்தச் சொல் மாற்றம் புதிதாகத் தோன்றாமல் போகலாம். இளம் மனைவி ஒருத்தி தூக்கில் தொங்கிய செய்தியின் கடைசி வரியை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்: மணமாகிச் சில ஆண்டுகளே ஆவதால் ஆர்.டி.ஓ. விசாரணை. அந்த வரிக்குப் பின்னால் இருப்பது 1983-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174, 176 பிரிவுகளில் செய்த திருத்தம். திருமணமான ஏழு ஆண்டுக்குள் பெண் தற்கொலை செய்துகொண்டால் நிர்வாக நடுவர், அதாவது ஆர்.டி.ஓ., விசாரித்தே ஆகவேண்டும். தற்கொலையைப் பெயர் சொல்லியே சட்டத்துக்குள் கொண்டுவந்த இந்தத் திருத்தம் பிரிட்டனின் 2004 சட்டத்துக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது. ஆனால் ஆர்.டி.ஓ. கேட்பது கணவன் வீட்டாரைப் பற்றி. வரதட்சணை கேட்டார்களா, அடித்தார்களா? அந்தப் பெண் மகளிர் காவல் நிலையத்துக்கு முன்பே போயிருந்தாளா, போனவளைச் சமாதானம் பேசித் திருப்பி அனுப்பினார்களா என்று கேட்க அவரைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அறிக்கை போலீஸுக்குப் போகும், வழக்கோடு கட்டப்படும். பத்துக் கோப்புகளை ஒன்றாக அடுக்கிப் படிக்கும் பொறுப்பையும் அந்தச் சட்டம் யாரிடமும் தரவில்லை. வாசகம் எவ்வளவு அகலமாக இருந்தாலும், படிப்பதற்குக் கட்டுப்பட்டவர் இல்லையென்றால் அது விசாரணையாகவே நின்றுவிடுகிறது, மறுஆய்வாவதில்லை. இந்த ஒப்பீடு வெப்ஸ்டேலின் கோட்பாட்டை வேறொரு பக்கத்திலிருந்தும் சோதிக்கிறது: இங்கே துறைகளின் மேல் யாரும் பழி சொல்லவில்லை, பாடமும் கிடைக்கவில்லை.

இதே மாவட்ட நிர்வாகத்துக்கு வேறொரு வழக்கம் நன்றாகவே தெரியும். பிரசவத்தில் ஒரு பெண் இறந்தால் என்ன நடந்தது என்று வீடுவரை போய் விசாரிக்கும் தணிக்கையில் தமிழ்நாடு முன்னோடி. மத்திய அரசின் 2010-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும் கூட்டத்துக்கு இறந்தவரின் உறவினரையும் அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் எப்போது வந்தது, எந்த மருத்துவமனை எங்கே அனுப்பியது என்பதெல்லாம் அந்த மேசையில் வரும்.

2024 ஜூலை 1-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா வந்தது. 174 இப்போது 194, 176 இப்போது 196. ஏழு ஆண்டு என்ற கோடு அப்படியே இருக்கிறது. எட்டாம் ஆண்டில் தற்கொலை செய்துகொள்பவளுக்கு ஆர்.டி.ஓ. விசாரணையும் கட்டாயமில்லை.