சீட்டைத் தூக்கினால் பெட்ரோல்

போன மாசம் நம்ம வண்டி நடுரோட்டுல நின்னுடுச்சு. முள்ளு அரை டேங்க் காட்டுது, ஆனா ஸ்டார்ட் ஆகலை. மெக்கானிக் அண்ணன் வந்து சாவியைத் திருப்பி, பின்பக்கம் காதை வச்சுக் கேட்டார். "பம்ப் சத்தமே இல்ல சார்." பின் சீட்டைத் தூக்கித் தடவிப் பார்த்துட்டு அடுத்த குண்டு: "மேல மூடி இல்ல. டேங்க்கைத்தான் இறக்கணும்."

பட்டறை ஸ்டூல்ல உட்கார்ந்தப்ப ஒரே யோசனை. இந்த பம்ப் ஏன் டேங்க்குக்குள்ள போய்க் குடியேறிச்சு?

1908ல வந்த ஃபோர்டு மாடல் டி-யில பம்பே கிடையாது. டேங்க் முன் சீட்டுக்கு அடியில; பெட்ரோல் தானா கார்புரேட்டருக்கு இறங்கும். பெட்ரோல் போடணும்னா சீட்டைத் தூக்கணும். முள்ளும் கிடையாது, குச்சி விட்டுப் பார்க்கணும். பெட்ரோல் குறைவா இருக்கும்போது செங்குத்தான மேடு வந்தா கதை கந்தல்: கார்புரேட்டர் டேங்க்கை விட உயரத்துக்குப் போயிடும். அதனால வண்டியைத் திருப்பி, ரிவர்ஸ்லயே மலை ஏறுவாங்களாம்! 1927 கடைசியில வந்த மாடல் ஏ-யில டேங்க்கை டாஷ்போர்டுக்கே கொண்டுவந்துட்டாங்க. மிதவை நகர்றது கண்ணாடி வழியா நேராவே தெரியும். ஓட்டுறவர் முழங்காலுக்கு மேல பெட்ரோல், அது வேற விஷயம்.

டேங்க் பின்னாடி போனதும் எஞ்சின்ல ஒட்டின மெக்கானிக்கல் பம்ப் வந்தது. அது பெட்ரோலை உறிஞ்சி இழுக்கணும். எஞ்சின் சூட்டுல பெட்ரோல் ஆவியானா பம்ப் வெறும் ஆவியைத்தான் இழுக்கும். சித்திரை வெயில்ல அப்பா பம்ப் மேல ஈரத்துணி சுத்திட்டு ரோட்டோரம் நின்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

அளவு காட்ட டேங்க்குக்குள்ள ஒரு மிதவை, ஒரு கம்பி, ஒரு மின்தடைச் சுருள்னு ஆச்சு. எல்லாரும் இதுக்கு அவசரப்படலை. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1961 வரைக்கும் முள்ளே இல்லாம, ரிசர்வ் லீவரை வச்சே காலம் தள்ளிச்சு, நம்ம பைக் மாதிரி.

1967ல ஃபோக்ஸ்வாகன் 1600ல பாஷ் கம்பெனியோட எலக்ட்ரானிக் இஞ்செக்ஷன் வந்தது. கார்புரேட்டருக்கு நாலஞ்சு பிஎஸ்ஐ அழுத்தம் போதும். இதுக்கு முப்பதுக்குப் பக்கம் வேணும். அதுக்கு எலக்ட்ரிக் பம்ப். அந்த பம்ப் பின்னால டேங்க்குக்குள்ளயே போனதுக்குக் காரணம் இருக்கு: உறிஞ்சுறதை விடத் தள்ளுறது சுலபம், சுத்தியிருக்கிற பெட்ரோலே மோட்டாரைக் குளிர வைக்கும். பெட்ரோலுக்குள்ள மின்சாரமான்னு பயப்படாதீங்க, அங்க பத்திக்கத் தேவையான காத்து கிடையாது. கார்புரேட்டர் வச்ச செவர்லே வேகாவிலயே 1971 மாடல்ல இப்படித்தான். நம்ம நாட்டுல 1999ல சுப்ரீம் கோர்ட் டெல்லி பக்கம் யூரோ விதிகளைக் கட்டாயமாக்கின பிறகுதான் கார்புரேட்டருக்கு மூட்டை கட்டினாங்க.

இங்க பட்டறையில பையன் ஒருத்தன், "அண்ணே, கிரைண்டர் வச்சு ஃப்ளோர்ல ஒரு ஓட்டை போட்டா அஞ்சு நிமிஷ வேலை"ன்னான். கீழ டேங்க், மேல தீப்பொறி! அண்ணன் விட்ட டோஸ்ல பையன் டீ வாங்கப் போயிட்டான்.

டேங்க்கை வடிச்சா இருபது லிட்டருக்கு பதிலா ரெண்டு லிட்டர்தான் வந்தது. மிதவைக் கம்பி பாதியில சிக்கியிருக்கு! முள்ளு சொன்ன பொய்யை நம்பி நான் ஓட்ட, பெட்ரோல் குளிர்ச்சி இல்லாம மோட்டார் கருகிடுச்சுன்னு அண்ணன் சொன்னார். ரெண்டும் ஒரே அசெம்பிளி, சேர்த்தே மாத்தியாச்சு. பில்லைப் பத்திக் கேட்காதீங்க.

இப்பல்லாம் பங்க்ல ட்ரிப் மீட்டரைப் பூஜ்யம் ஆக்கிட்டுத்தான் வண்டியைக் கிளப்புறேன் :-)