வசந்தகாலச் செயற்பாடுகளும் தொடக்க எழுத்தறிவும்

குழந்தைப் பராமரிப்பு நிலையங்களில் வசந்தகாலச் செயற்பாடுகள் என்பன, குளிர்காலம் முடிந்து நிலம் மீண்டும் பசுமை பெறும் மாதங்களில் மூன்று முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளுக்காக நடத்தப்படும் விதை நடுதல், வண்ணத்துப்பூச்சி வளர்த்தல், வானிலையைக் கவனித்தல் முதலிய பணிகளாகும். ஐக்கிய அமெரிக்காவின் பராமரிப்பு நிலையங்களிலும் முன்பள்ளிகளிலும் இவை பெரும்பாலும் தொடக்க எழுத்தறிவுடன் இணைத்துத் திட்டமிடப்படுகின்றன. தொடக்க எழுத்தறிவு என்பது, குழந்தை முறையாக வாசிக்கவும் எழுதவும் கற்பதற்கு முன்பு பெறும் மொழித்திறன், ஒலியுணர்வு, எழுத்து பற்றிய அறிவு ஆகியவற்றின் தொகுப்பாகும். முளைவிடும் நிலையில் உள்ள எழுத்தறிவு என்ற பொருளில் இது முகிழ்நிலை எழுத்தறிவு என்றும் அழைக்கப்படும்.

பருவம்

தமிழர் பகுத்த ஆறு பருவங்களுள் இளவேனில் சித்திரை, வைகாசி மாதங்களைக் குறிக்கும். வட அமெரிக்காவின் மிதவெப்பப் பகுதிகளில் வசந்தகாலம் மார்ச்சு முதல் மே வரை நீடிக்கின்றது. பனி உருகுதல், மரங்கள் துளிர்த்தல், பறவைகள் திரும்பி வருதல், பகற்பொழுது நீளுதல் ஆகியன இக்காலத்தின் அடையாளங்கள். குளிர்காலத்தில் பெரும்பாலும் அறைக்குள் இருந்த குழந்தைகள் வெளியே நீண்ட நேரம் இருக்க இப்பருவம் இடமளிக்கின்றது. இளங்குழந்தைகளின் கல்விக்கான தேசிய சங்கம் 1971ஆம் ஆண்டில் தொடங்கிய 'இளங்குழந்தைகள் வாரம்' என்னும் நிகழ்வும் ஏப்பிரல் மாதத்திலேயே நடைபெறுகின்றது.

வரலாறு

இளங்குழந்தைகளின் கல்வியில் தோட்டத்துக்கு இடமளித்த முன்னோடிகளுள் முக்கியமானவர் செருமானியக் கல்வியாளர் பிரீட்ரிக் புரோபல் (1782 - 1852) ஆவார். இவர் 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறுவர்களுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கி, 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்' (குழந்தைகளின் தோட்டம்) எனப் பெயரிட்டார். ஒவ்வொரு குழந்தைக்கும் தனியான சிறு பாத்தியும், எல்லாருக்கும் பொதுவான பாத்திகளும் இருக்கவேண்டும் என்பது அவரது கருத்து. அவரது முறையில் பாட்டு, விளையாட்டு, கைவேலை ஆகியனவே முதன்மை பெற்றன. பிரசிய அரசு 1851இல் கிண்டர்கார்ட்டன்களைத் தடைசெய்தது. 1860இல் நீக்கப்பட்ட இத்தடையின் முடிவைக் காண புரோபல் உயிருடன் இருக்கவில்லை.

செருமனியிலிருந்து குடிபெயர்ந்தவர்கள் வழியாக இம்முறை அமெரிக்காவை அடைந்தது. மார்கரெத்த சூர்சு 1856இல் விசுகான்சின் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரில் செருமானிய மொழியில் ஒரு கிண்டர்கார்ட்டனைத் தொடங்கினார். ஆங்கில மொழியிலான ஒன்றை எலிசபெத் பீபாடி 1860இல் பாசுடனில் நிறுவினார்.

வாசிப்பை எப்போது தொடங்குவது என்ற கேள்விக்கு அமெரிக்காவில் நெடுங்காலம் வேறொரு விடை கூறப்பட்டது. மேபல் மார்பெட், கார்ல்டன் வாசுபர்ன் ஆகியோர் 1931இல் வெளியிட்ட ஆய்வு, மன வயது ஆறரை ஆகும்வரை வாசிப்புக் கற்பித்தலைத் தள்ளிப்போடலாம் என்றது. இதன் தாக்கத்தால், குழந்தை 'ஆயத்தம்' ஆகும்வரை காத்திருப்பதே முறை என்ற எண்ணம் பரவியது.

இவ்வெண்ணத்தை மாற்றியவர்களுள் நியூசிலாந்தைச் சேர்ந்த மேரி கிளே முக்கியமானவர். ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்துக்கு 1966இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில், பள்ளியில் புதிதாகச் சேர்ந்த குழந்தைகளிடம் முகிழ்க்கும் வாசிப்பு நடத்தைகளை அவர் விவரித்தார். எழுத்துக்களை அறியாத குழந்தையும் புத்தகத்தை நேராகப் பிடித்தல், பக்கம் புரட்டுதல், படம் பார்த்துக் கதை சொல்லுதல் போன்றவற்றால் வாசிப்பின் பாதையில் ஏற்கனவே நடக்கத் தொடங்கியிருக்கின்றது என்ற கருத்து இத்தகைய ஆய்வுகளால் வலுப்பெற்றது. வில்லியம் டீல், எலிசபெத் சல்சுபி ஆகியோர் 1986இல் தொகுத்து வெளியிட்ட நூலுக்குப் பின் முகிழ்நிலை எழுத்தறிவு என்ற சொல் கல்வித் துறையில் பரவலாக வழங்கலாயிற்று.

வறிய குடும்பங்களின் குழந்தைகளுக்கான 'எட் சுடார்ட்' என்னும் நடுவண் அரசுத் திட்டம் 1965ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில் தொடங்கப்பட்டது. முன்பள்ளிக் கல்வியைச் சமூக நீதியுடன் தொடர்புபடுத்திய முயற்சியாக இது கருதப்படுகின்றது.

தொடக்க எழுத்தறிவின் கூறுகள்

அமெரிக்காவின் தேசிய தொடக்க எழுத்தறிவுக் குழு 2008இல் வெளியிட்ட அறிக்கை, முந்தைய பல ஆய்வுகளைத் தொகுத்து, பிற்கால வாசிப்பை முன்கூட்டிக் காட்டும் திறன்களை வரிசைப்படுத்தியது. அவற்றுள் சில:

* எழுத்தறிவு: எழுத்துக்களின் பெயர்களையும் ஒலிகளையும் அறிதல்.
* ஒலியுணர்வு: பேச்சிலுள்ள சொற்கள், அசைகள், தனி ஒலிகள் ஆகியவற்றைப் பிரித்தறிந்து கையாளுதல்.
* எழுதுதல்: தனி எழுத்துக்களையோ தன் பெயரையோ எழுதுதல்.
* அச்சு பற்றிய அறிவு: எழுத்து எந்தத் திசையில் செல்கின்றது, அட்டை எது, சொல் எங்கே முடிகின்றது என்பவற்றை அறிதல்.
* வாய்மொழித் திறன்: சொல்வளம், இலக்கணம், கேட்டுப் புரிந்துகொள்ளுதல்.

ஆங்கிலம் கற்கும் குழந்தைக்கு முதல் இரண்டும் தமிழில் இருப்பதைவிடக் கடினமானவை. தமிழில் 'க' என்னும் எழுத்தின் பெயரும் அதன் அடிப்படை ஒலியும் ஒன்றே. ஆங்கிலத்தில் 'எச்' என்பது எழுத்தின் பெயர். அது குறிக்கும் ஒலியோ வேறு. அத்துடன் 26 எழுத்துக்களைக் கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளை எழுதவேண்டியுள்ளது. இதனால் எழுத்தைக் காண்பதற்கு முன்பே ஒலியைக் கேட்டுப் பழகுவது ஆங்கிலக் கல்வியில் இன்றியமையாததாகின்றது.

செயற்பாடுகள்

விதை நடுதல்

முள்ளங்கி, அவரை, சூரியகாந்தி ஆகியன மிகுதியாகப் பயன்படுத்தப்படுகின்றன. முள்ளங்கி ஒரு வாரத்துக்குள் முளைத்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடுவதால், காத்திருக்கும் பொறுமை குறைந்த வயதினருக்கு ஏற்றது. அவரை விதையை ஈரமான தாளுடன் கண்ணாடிக் குவளையின் சுவரையொட்டி வைத்தால் வேர் இறங்குவதையும் தண்டு எழுவதையும் நேரில் காணலாம்.

இப்பணியில் எழுத்து ஒரு தேவையாக இடம்பெறுகின்றது. இருபது தொட்டிகள் வரிசையாக இருக்கும்போது தன் தொட்டி எது என்று அறியக் குழந்தை அதில் தன் பெயரைக் குறிக்கவேண்டும். குழந்தைகள் தம் பெயரிலுள்ள எழுத்துக்களை, குறிப்பாக முதல் எழுத்தை, மற்றவற்றுக்கு முன்பே அறிகின்றனர் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே பெயர்ச்சீட்டு எழுதுவது முதல் எழுத்துப் பயிற்சியாக அமைகின்றது. விதைப் பொட்டலத்தில் அச்சிடப்பட்டுள்ளதை ஆசிரியர் வாசித்துக்காட்டி, எவ்வளவு ஆழத்தில் நடவேண்டும் என்பதைக் கண்டறியும்போது, எழுத்து செய்தியைச் சுமக்கின்றது என்பதைக் குழந்தை உணர்கின்றது.

வண்ணத்துப்பூச்சி வளர்த்தல்

பெயின்டட் லேடி என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் வலைக்கூண்டில் வளர்க்கப்படுகின்றன. புழு கூட்டுப்புழுவாகிப் பின் பறக்கும் பூச்சியாக மாறச் சில வாரங்களே ஆகும். முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்ற வரிசை, கதைக்குத் தேவையான 'முதலில், பிறகு, இறுதியில்' என்னும் ஒழுங்கைக் கற்பிக்கின்றது.

எரிக் கார்ல் 1969இல் வெளியிட்ட 'மிகவும் பசித்த கம்பளிப்புழு' பற்றிய படநூல் இப்பணியுடன் பெரும்பாலும் வாசிக்கப்படுகின்றது. கிழமைகளின் பெயர்களும் எண்களும் வரிசையாக வருவதாலும், புழு தின்ற இடங்களில் பக்கங்களில் துளைகள் இருப்பதாலும், குழந்தைகள் அடுத்து வருவதை ஊகித்துச் சொல்ல முடிகின்றது. இந்நூலில் பூச்சி இழையாலான கூட்டிலிருந்து வெளிவருவதாகச் சொல்லப்படுகின்றது. பொதுவாக அத்தகைய கூட்டைப் பின்னுபவை அந்துப்பூச்சிகளே. கூண்டில் தாம் கண்டதையும் நூலில் உள்ளதையும் ஒப்பிட்டுப் பேசுவதற்கு இவ்வேறுபாடு வாய்ப்பளிக்கின்றது.

வானிலை அட்டவணை

நாள்தோறும் ஒரு குழந்தை வெளியே பார்த்து, வெயில், மழை, காற்று, மேகம் ஆகியவற்றுள் பொருத்தமான படத்தையும் சொல்லையும் அட்டவணையில் ஒட்டுகின்றது. மாத முடிவில் மழை பெய்த நாட்கள் எண்ணப்படுகின்றன. குறி, சொல், எண் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

ஒலி விளையாட்டுக்கள்

நடைப்பயணத்தில் கண்ட பொருட்களின் பெயர்களைக் கொண்டு ஒலி விளையாட்டுக்கள் அமைக்கப்படுகின்றன. மொட்டைக் குறிக்கும் 'பட்', சேற்றைக் குறிக்கும் 'மட்' ஆகியன ஒத்த ஒலியில் முடிவதைக் கண்டறிதல், 'கேட்டர்பில்லர்' என்னும் சொல்லின் நான்கு அசைகளுக்குக் கைதட்டுதல், 'ரெயின்போ' என்பதிலிருந்து 'ரெயின்' என்பதை நீக்கினால் எஞ்சுவது என்ன எனக் கேட்டல் ஆகியன எடுத்துக்காட்டுகள். இவற்றுக்குத் தாளும் எழுதுகோலும் தேவையில்லை.

உரையாடல்வழி வாசிப்பு

ஆசிரியர் வாசிக்கக் குழந்தைகள் அமைதியாகக் கேட்பதே வழக்கமான முறை. இதற்கு மாறாக, குழந்தையைக் கதைசொல்லியாக்கும் முறை உரையாடல்வழி வாசிப்பு எனப்படும். குரோவர் வைட்கர்சுட்டும் குழுவினரும் 1988இல் இம்முறை பற்றிய ஆய்வை வெளியிட்டனர். இதில் பெரியவர் ஒரு கேள்வியால் குழந்தையைப் பேசத் தூண்டுகின்றார், விடையை மதிப்பிடுகின்றார், அதனை விரித்துரைக்கின்றார், விரித்ததைத் திரும்பச் சொல்லவைக்கின்றார். குழந்தை 'செடி' என்று மட்டும் சொன்னால், 'ஆம், மண்ணைப் பிளந்து வரும் சின்னச் செடி' என்று பெரியவர் விரிக்கின்றார். வசந்தகாலப் பணிகளில் ஈடுபட்ட குழந்தைக்கு, படத்திலுள்ள செடியைத் தன் தொட்டியிலுள்ள செடியுடன் தொடர்புபடுத்திப் பேச இது எளிதாகின்றது.

எழுதத் தொடங்குதல்

குழந்தைகள் செடியின் வளர்ச்சியைப் படமாக வரைந்து, அதன் கீழ் தாம் சொல்ல விரும்புவதைச் சொல்ல, ஆசிரியர் அவர்கள் சொன்னபடியே எழுதுகின்றார். பேசியது எழுத்தாகின்றது, எழுதியதை மீண்டும் வாசிக்கலாம் என்ற அறிவு இதனால் கிடைக்கின்றது.

குழந்தைகள் தாமாக எழுதும்போது கிறுக்கல், எழுத்தைப் போன்ற வடிவங்கள், தெரிந்த எழுத்துக்களின் கோவை, ஒலியைக் கேட்டு எழுதுதல் எனப் பல வடிவங்கள் காணப்படுகின்றன. ஒரே குழந்தையிடம் இவை கலந்தும் தோன்றலாம். சொல்லின் முதல் ஒலியை மட்டும் எழுதுவதும், உயிரொலிகளை விட்டு மெய்களை மட்டும் எழுதுவதும் பொதுவானவை. மொழியியலாளர் சார்லசு ரீட் 1971இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வாறான பிழைகள் தற்செயலானவை அல்ல என்றும், குழந்தை ஒலிகளைக் கேட்கும் முறையை அவை ஒழுங்காகக் காட்டுகின்றன என்றும் விளக்கியது.

பாதுகாப்பு

சிறு விதைகளைக் குழந்தைகள் வாயிலோ மூக்கிலோ இட்டுக்கொள்ளக்கூடும் என்பதால் பெரியவர் உடனிருத்தல் வேண்டும். பூச்சிக்கொல்லி பூசப்பட்ட விதைகள் தவிர்க்கப்படுகின்றன. வசந்தகாலத்தில் கோழிக்குஞ்சு பொரிக்கவைப்பதும் சில இடங்களில் வழக்கம். ஆனால் சால்மொனெல்லாத் தொற்று அபாயத்தால், ஐந்து வயதுக்குட்பட்டோர் கோழிக்குஞ்சுகளையும் வாத்துக்குஞ்சுகளையும் தொடுவதைத் தவிர்க்குமாறு அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு, தடுப்பு மையங்கள் அறிவுறுத்துகின்றன.

விவாதங்கள்

பள்ளி செல்லும் முன்பே குழந்தைகளிடையே மொழி அனுபவத்தில் பெரும் வேறுபாடு உள்ளது என்ற கவலை இத்துறையில் நெடுநாட்களாக உண்டு. பெற்றி கார்ட், டோட் ரிசுலி ஆகியோர் கான்சசு மாநிலத்தில் 42 குடும்பங்களை ஆராய்ந்து, நான்கு வயதுக்குள் வசதியான, வறிய குழந்தைகள் கேட்கும் சொற்களின் எண்ணிக்கையில் ஏறத்தாழ 3 கோடி வேறுபாடு இருக்கும் என 1995இல் மதிப்பிட்டனர். குடும்பங்களின் எண்ணிக்கை குறைவு என்றும், சுற்றியுள்ளோர் பேச்சு கணக்கில் கொள்ளப்படவில்லை என்றும் இம்மதிப்பீடு பின்னர் விமர்சிக்கப்பட்டது.

இக்கவலை, முன்பள்ளி வயதிலேயே எழுத்துப் பயிற்சித் தாள்களை மிகுதியாகப் புகுத்தவும் காரணமாயிற்று. எழுத்தும் ஒலியும் திட்டமிட்டுக் கற்பிக்கப்படாவிட்டால் வீட்டில் புத்தகம் இல்லாத குழந்தையே பின்தங்கும் என்பர் ஒரு சாரார். விளையாட்டும் பேச்சும் குறைந்தால், வாசிப்பதைப் புரிந்துகொள்ளும் திறன் வளராது என்பர் மற்றொரு சாரார். மேற்கூறிய 2008ஆம் ஆண்டு அறிக்கை இருவருக்கும் இடமளிக்கின்றது. எழுத்தையும் ஒலியையும் அறிதல் பிற்கால வாசிப்புடன் வலுவான தொடர்புடையது. சிக்கலான வாய்மொழித் திறனும் அவ்வாறே பின்னாளைய வாசிப்புடன் தொடர்புடையது.

முன்பள்ளிகளின் நீண்டகாலப் பயன் குறித்த ஆய்வுகளும் ஒரே விடையைத் தரவில்லை. டென்னசி மாநில முன்பள்ளித் திட்டம் குறித்து 2022இல் வெளியான ஆய்வில், அதில் பயின்ற குழந்தைகள் ஆறாம் வகுப்பில் மற்றவர்களைவிடக் குறைந்த மதிப்பெண்கள் பெற்றிருந்தனர். பாசுடன் நகர முன்பள்ளிகள் குறித்த 2021ஆம் ஆண்டு ஆய்விலோ, தேர்வு மதிப்பெண்களில் வேறுபாடு தென்படாதபோதும், பயின்றவர்களுள் கூடுதலானோர் பின்னாளில் கல்லூரியில் சேர்ந்தனர். முன்பள்ளிக்குச் செல்வதால் மட்டுமன்றி, அங்கு நாள்தோறும் நடப்பதாலும் பயன் மாறுபடலாம் என்ற கருத்துக்கு இவை வலுச்சேர்க்கின்றன.

வசந்தகாலச் செயற்பாடுகள் இவ்விவாதத்தில் ஓர் இடைவழியாகப் பார்க்கப்படுகின்றன. தொட்டியில் பெயர் எழுதும் குழந்தை எழுத்தைப் பயில்கின்றது. முளை ஏன் வளைந்து நிற்கின்றது எனக் கேட்கும்போது மொழியைப் பயில்கின்றது. எனினும் தோட்டப்பணி தானாகவே வாசிப்பைக் கற்பித்துவிடாது. குழந்தை கண்டதைப் பற்றிப் பேசவும், பேசியதை எழுத்துடன் இணைக்கவும் பெரியவர் ஒருவர் உடன் இருக்கும்போதே அது எழுத்தறிவுப் பணியாகின்றது.

இவற்றையும் பார்க்க

* பிரீட்ரிக் புரோபல்
* முன்பள்ளி
* மேரி கிளே
* ஒலியுணர்வு
* மாண்டிசோரி கல்வி