வரிச்சுமையும் செல்வர் கடனும்

அரசின் செலவை எவர் தோள் தாங்குதல் வேண்டும்? 1848 ஆம் ஆண்டிலே, கோப்பி விலை வீழ்ச்சியால் இலங்கை அரசிறை குன்றிற்று. தேசாதிபதி டொரிங்டன் பிரபுவின் ஆட்சியில், தோட்டத் துரைமார் செலுத்திய கோப்பி ஏற்றுமதித் தீர்வை நீக்கப்பட்டது. துவக்கு, நாய், கடை என்பவற்றின்மீது வரி விதிக்கப்பட்டது. ஆடவர் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்தல் அல்லது அதற்கீடாகப் பணம் இறுத்தல் வேண்டுமென்றும் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே மாத்தளையிலும் குருநாகலிலும் கலகம் மூண்டது. உழவனை வருத்திய நெல்வரி 1892 இலேயே ஒழிந்தது. வருமான வரியோ 1932 இலேதான் வந்தது.

செல்வரால் நாட்டுக்கு நன்மை விளைந்திலதோ எனின், விளைந்தது. 1867 இல் கண்டியை அடைந்த புகையிரதம் கோப்பியின் பொருட்டு வந்ததே. ஆயினும் அதனாற் பெரும்பயன் எய்தினோரும் அவரே. பயன் மிக்கவிடத்து வரியும் மிகுதலே முறை. செல்வர் உவந்து ஈவது அறம். அளவறிந்து இறுப்பது கடன். முன்னது பின்னதற்கு ஈடாகாது.