அரிசியின் சிவப்பு நிறம்

உமி நீக்கிய அரிசியின் மேல்தோல் சிவப்பாக இருப்பதும் வெளுத்திருப்பதும் ஆர்சி என்னும் மரபணுவைப் பொறுத்தவை. நெல்லின் 7ஆம் குரோமோசோமில் உள்ள இது, தானே நிறமியை உண்டாக்குவதில்லை. நிறமி தயாரிக்கும் மற்ற மரபணுக்களை முடுக்கிவிடும் புரதத்தை உருவாக்குகிறது. அப்புரதம் வேலை செய்தால் மேல்தோலில் புரோஆந்தோசயனிடின் சேர்ந்து சிவக்கும். 1ஆம் குரோமோசோமில் உள்ள ஆர்டி மரபணுவும் உடன் இயங்க வேண்டும். அது பழுதானால் பழுப்பு நிறமே கிடைக்கும். மாப்பிள்ளைச் சம்பா அரிசி ஒன்றைக் குறுக்கே நறுக்கினால், சிவப்பு தவிட்டோடு நின்றுவிடுவதையும் உள்ளே மாவுப்பகுதி வெண்மையாக இருப்பதையும் காணலாம்.

பயிர் நெல்லின் மூதாதையான காட்டு நெல்லின் அரிசி சிவப்புதான். வெள்ளை பின்னால் வந்தது. பெரும்பாலான வெள்ளையரிசி ரகங்களில் ஆர்சி மரபணுவில் 14 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டுள்ளன என்பதை 2006இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். மரபுச் செய்தி மும்மூன்று எழுத்துகளாகப் படிக்கப்படுகிறது. 14 மூன்றால் வகுபடாது. ஆகவே, விடுபட்ட இடத்துக்குப் பின் வாசிப்பு பிறழ்ந்து, புரதம் முழுமை பெறாமலே நின்றுவிடுகிறது. ஜப்போனிகா நெல்லில் தோன்றிய இந்த இழப்பு, கலப்பின் வழியே இண்டிகா நெல்லுக்கும் பரவியது. வெள்ளையரிசியை மனிதர் விரும்பித் தேர்ந்தெடுத்ததே அது நிலைத்ததற்குக் காரணம்.

சிவப்பு ஓங்கு பண்பு. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு, விதை காப்போர் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். அரிசியின் மேல்தோல் தாய்ச் செடியின் திசு. வெள்ளை நெற்பூவில் சிவப்பு ரகத்தின் மகரந்தம் விழுந்தாலும், அந்தப் போகத்தில் விளையும் அரிசி வெள்ளையாகவே இருக்கும். அதை விதைத்து வளரும் செடியில்தான் எல்லா மணிகளும் சிவப்பாக விளையும். அதற்கடுத்த தலைமுறையில் ஏறக்குறைய நான்கில் மூன்று செடிகள் சிவப்பரிசியும் ஒன்று வெள்ளையரிசியும் தரும்.

இதே மரபணு விதை உறக்கத்தையும் கூட்டுகிறது. களையாக முளைக்கும் சிவப்பு நெல் மண்ணில் உறங்கிக் கிடந்து பிந்தி முளைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிவப்பு மணி தரும் செடியில் வெள்ளைக்கான மரபணு மறைந்திருக்கக்கூடும். எனவே பாரம்பரிய ரகத்தின் தூய்மையை மணியின் நிறத்தால் மட்டும் முடிவுசெய்யாமல், கதிர் வாரியாகத் தனித்தனியே விதைத்து அடுத்த போகத்திலும் சரிபார்ப்பதே முறை.