யார் கூற்று?

சங்கப் பாடல்களின் அடியில் தலைவி கூற்று, தோழி கூற்று, பரத்தை கூற்று என்று குறித்து வைத்தவர்களுக்கு ஒரு தெளிவு இருந்தது. தலைவியின் வாயால் பேசியதற்காகக் கபிலரை யாரும் விசாரணைக்கு இழுக்கவில்லை. பேசுகிற பாத்திரம் வேறு, பேச வைக்கிற கவி வேறு. இது பாலபாடம்தான். ஆனால் 1992-ல் அமெரிக்கா இந்தப் பாலபாடத்தை ஒரு கறுப்பினப் பாடகர் விஷயத்தில் கற்க மறுத்தது. ஐஸ்-டீயின் வாழ்க்கையை அங்கிருந்துதான் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இயற்பெயர் ட்ரேஸி மாரோ. 1958-ல் நியூ ஜெர்ஸி மாநிலத்து நூவர்க்கில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே தாயையும் பின்னர் தந்தையையும் இழந்து, லாஸ் ஏஞ்சல்ஸில் உறவினர் வீட்டில் வளர்ந்தார். கிரென்ஷா உயர்நிலைப் பள்ளி, தெருக் கும்பல்களின் சகவாசம், ராணுவத்தில் சில வருஷங்கள், பின்னாளில் அவரே ஒப்புக்கொண்ட நகைத் திருட்டுகள். இந்த விவரங்களை எல்லோரும் எழுதுகிறார்கள். இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் பெயர். பெண்களை வைத்துத் தொழில் நடத்தி, சிறை சென்று, அந்த வாழ்க்கையை 1967-ல் புத்தகமாக எழுதியவர் ஐஸ்பர்க் ஸ்லிம். அவருடைய பக்கங்களை மனப்பாடமாக நண்பர்களுக்குச் சொல்லிக் காட்டியதில் ஒட்டிக்கொண்டது 'ஐஸ்'. ஆக, இன்னொருவன் குரலைத் தன் வாயில் வாங்கிச் சொன்னதுதான் இவருடைய முதல் கலைச் செயல்.

இதற்கு அங்கே ஒரு மரபும் உண்டு. 1895-ல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஒரு கொலையிலிருந்து ஸ்டாகோலி என்ற கதைப்பாடல் பிறந்தது. மதுக்கடைகளிலும் சிறைக் கொட்டடிகளிலும் கறுப்பின ஆண்கள் அதைத் தலைமுறைகளாகச் சொல்லி வந்தார்கள். சொல்லியவர்கள் எல்லோரும் கொலைகாரர்கள் அல்ல. சட்டம் தன்னை எப்போதும் எதிரியாகவே பார்க்கும் உலகில், எவனுக்கும் அஞ்சாதவன் ஒருவனாகச் சில நிமிஷங்கள் பேசிப் பார்ப்பது அது. 1986-ல் ஐஸ்-டீ வெளியிட்ட 'சிக்ஸ் இன் த மார்னிங்', விடியற்காலையில் போலீஸ் கதவைத் தட்டும் ஒருவனின் கதை. 1988-ல் டென்னிஸ் ஹாப்பரின் 'கலர்ஸ்' படத்துக்கு எழுதிய பாட்டு ஒரு கும்பல் இளைஞனின் கூற்று. இரண்டிலும் 'நான்' என்பது பாத்திரம்.

நடிப்பு எங்கே வருகிறது? 1984-லேயே 'பிரேக்கின்' படத்தில் தலை காட்டிவிட்டார். பெரிய வேஷம் 1991-ல், மரியோ வான் பீபிள்ஸின் 'நியூ ஜாக் சிட்டி'யில் கிடைத்தது. துப்பறியும் போலீஸ்காரர் வேஷம். அந்தப் படம் வெளியான நாள் மார்ச் 8. அதற்கு ஐந்து நாள் முன்பு, மார்ச் 3 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸார் ராட்னி கிங்கை நடுத்தெருவில் அடித்து நொறுக்கினார்கள்; ஒருவர் தன் வீட்டிலிருந்து அதை வீடியோவில் பிடித்தார். திரையில் கறுப்புப் போலீஸ்காரர் நீதிக்காக ஓடிக்கொண்டிருந்த அதே வாரங்களில், டெலிவிஷனில் அந்தத் தடிகள் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தன.

1992 மார்ச்சில் 'பாடி கவுண்ட்' என்ற இவருடைய குழுவின் ரிக்கார்டு வந்தது. அதில் ஒரு பாட்டு 'காப் கில்லர்'. போலீஸ் அட்டூழியத்தால் வெறிபிடித்த ஒருவனின் கூற்று. ராப் பாட்டு என்று இன்றுவரை சொல்லப்படும் இது உண்மையில் கனத்த ராக் பாட்டு. பாடியவரின் நிறத்தைப் பார்த்துத்தான் வகை தீர்மானிக்கப்பட்டது. ஏப்ரல் 29 அன்று ராட்னி கிங் வழக்கின் தீர்ப்பு வந்து நகரம் எரிந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஜூனில் டெக்சாஸ் போலீஸ் சங்கம் ஒன்று, டைம் வார்னர் கம்பெனியின் பொருட்களைப் பகிஷ்கரிக்கச் சொல்லிக் கிளம்பியது. ஜனாதிபதி புஷ் கண்டித்தார், துணை ஜனாதிபதி குவேல் கண்டித்தார். நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன் பங்குதாரர் கூட்டத்தில் பாட்டின் வரிகளை உரக்கப் படித்துக் காட்டினார்.

1984-ல் வந்த 'டெர்மினேட்டர்' படத்தில் ஒரு போலீஸ் நிலையம் முழுவதையும் கொன்று குவித்தவர் அர்னால்ட் ஸ்வார்ஸ்னெகர். அவரைத் தேச உடற்பயிற்சிக் குழுவுக்குத் தலைவராக்கியது இதே புஷ்தான். அது வேஷம் என்று புஷ்ஷுக்குத் தெரிந்திருந்தது. இதுவும் வேஷம் என்பது ஏன் தெரியாமல் போயிற்று? வெள்ளையனுக்குக் கற்பனை உண்டு, கறுப்பனுக்கு வாக்குமூலம் மட்டும்தான் உண்டு என்ற எண்ணம்தான் காரணம். கம்பெனி ஊழியர்களுக்கு மிரட்டல்கள் வந்த நிலையில், ஜூலை 28 அன்று பாட்டை விலக்கிக்கொள்வதாக ஐஸ்-டீ அறிவித்தார். 1993 ஜனவரியில் வார்னரோடு உறவு முறிந்தது.

2000-ல் 'லா அண்ட் ஆர்டர்: ஸ்பெஷல் விக்டிம்ஸ் யூனிட்' என்ற டெலிவிஷன் தொடரில் ஃபின் டுடுவோலா என்ற போலீஸ்காரராகச் சேர்ந்தார். இருபது வருஷங்களுக்கு மேல் அந்த வேஷம் நீடித்தது. விலைபோய்விட்டார் என்கிறது ஒரு கட்சி, பக்குவப்பட்டுவிட்டார் என்கிறது இன்னொன்று. பழையது முகம், புதியது முகமூடி என்று முதல் கட்சி நினைக்கிறது. இரண்டாவது அதைத் திருப்பிப் போடுகிறது. ஆனால் போலீஸ் வேஷம் கட்டியது பாட்டுக்கு ஒரு வருஷம் முன்பே. இந்தத் தேதி ஒன்றே இரண்டு வாதங்களையும் கவிழ்த்துவிடும். இரண்டுமே முகமூடிகள். ஒன்றுக்குத் தண்டனை, மற்றதற்குச் சம்பளம்.

அதனால் ஒன்றுமே இழக்கப்படவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பாட்டில் யார் பேச வேண்டும் என்பதை அவர் தீர்மானித்தார். கொலைகாரன், தரகன், ஓடுகாலி என்று யாரை வேண்டுமானாலும் பேச வைத்தார். தொடரில் அதைத் தீர்மானிப்பவர்கள் எழுத்தாளர் குழுவும் சானலும். அங்கே சட்டத்தின் பக்கமிருந்துதான் பேச முடியும். கூற்றை அமைப்பவன் கூற்றைச் சொல்பவனாக ஆவதுதான் இதில் நடந்தது. அதிகாரம் பயப்படுவது முதலாமவனுக்கு. இரண்டாமவனை அது ரசிக்கவும் செய்யும். ஐஸ்-டீ முதலாவதை முழுக்க விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'பாடி கவுண்ட்' தொடர்ந்து பாடியது. 2021-ல் 'பம்-ரஷ்' பாட்டுக்கு கிராமி பரிசும் பெற்றது.

விஷயம் ஒரு மனிதரோடு முடியவில்லை. ராப் பாட்டின் 'நான்' அமெரிக்க நீதிமன்றங்களில் குற்றச் சாட்சியமாகக் காட்டப்பட்டு வந்திருக்கிறது. இதற்கு வரம்பு கட்டிக் கலிஃபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது 2022-ல்தான். பாடலின் அடியில் 'கூற்று' என்று எழுதி வைப்பது இலக்கண சம்பிரதாயம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த ஒரு வார்த்தை இல்லாததால் மனிதர்கள் சிறைக்குப் போக முடியும்.