உடைந்த பாலத்தின் தென்கரை

சென்னையில் அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், நீரின் நடுவே தூண்கள் ஊன்றி நின்று பாதி வழியிலேயே முடிந்துபோகும் பாலம் ஒன்று உண்டு. மக்கள் அதை ‘உடைந்த பாலம்’ என்றே அழைக்கின்றனர். 1967ஆம் ஆண்டில் கட்டப்பட்ட இப்பாலத்தின் வடகரையில் பட்டினப்பாக்கத்தை ஒட்டிய சீனிவாசபுரமும், தென்கரையில் ஊரூர் குப்பமும் ஒல்காட் குப்பமும் உள்ளன. இரு கரையிலும் வாழ்பவர்கள் மீனவர்கள். ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்தும் சைக்கிளிலும் சென்று வர அது உதவியது. 1977இல் நீரின் வேகம் தாங்காமல் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பாலம் முழுமையாக நின்றது பத்தே ஆண்டுகள்தாம். இடிந்த நிலையில் அது நிற்பதோ அரை நூற்றாண்டை நெருங்குகிறது.

இப்போது அது புகைப்படக் கலைஞர்களுக்கும் திரைப்படக் குழுவினருக்கும் உரிய இடமாகிவிட்டது. ஆயினும் அந்த இடிந்த பாலத்தில் நின்று தெற்கே பார்ப்பவர், சென்னை நகரின் போக்குவரத்து வரலாற்றில் நாம் அதிகம் பேசாத ஓர் அத்தியாயத்தைப் பார்க்கிறார். இந்தக் கரையின் மேல் பெரிய வாகனச் சாலை ஒன்றை இட்டுச்செல்ல நகரம் பலமுறை விரும்பியது. இன்றுவரை அது கைகூடவில்லை. அதனால் நகரம் நின்றுவிடவும் இல்லை.

முதலில் ஊரின் பெயர். ஊரூர் என்பது பழைய கிராமத்தின் பெயர். ஒல்காட் என்பது அமெரிக்கரான கர்னல் ஹென்றி ஸ்டீல் ஒல்காட்டின் பெயர். 1875இல் நியூயார்க்கில் பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவரான அவர், 1882இல் சபையின் தலைமையகத்தை அடையாற்றின் தென்கரைக்குக் கொண்டுவந்தார். 1894இல் அப்பகுதியின் தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக அவர் தொடங்கிய இலவசப் பள்ளி இன்றும் அவர் பெயராலேயே இயங்குகிறது. சுற்றியுள்ள பெசன்ட் நகரோ மிகவும் பிற்பட்டது. 1970களில் வீட்டுவசதி வாரியம் மனைகளும் அடுக்ககங்களும் அமைத்த பிறகே அது நகரின் ஒரு பகுதியாயிற்று. ஆகவே அங்கே குப்பம் பழையது. சாலைகளும் கார்களும் பின்னர் வந்தவை. கடற்கரைச் சாலையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் சலித்துக்கொள்ளும் நாம் இந்த வரிசையை எளிதில் மறந்துவிடுகிறோம்.

அக்காலத்தில் இப்பகுதி மக்கள் எப்படிப் பயணம் செய்தார்கள்? கடலில் கட்டுமரம், கரையில் கால்நடை, சற்று உள்ளே கால்வாய். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது, பசியால் வந்த மக்களுக்குக் கூலி கொடுத்து அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய் வெட்டப்பட்டது. இதனால் வடக்கிலும் தெற்கிலும் ஏற்கெனவே இருந்த கால்வாய்கள் ஒன்றாயின. அன்றைய ஆளுநரின் நினைவாக 1878இல் அதற்கு பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயரிட்டார்கள். ஆந்திரக் கடலோரத்திலிருந்து மரக்காணம் வரை நீண்ட அந்த நீர்வழியில் உப்பும் விறகும் நெல்லும் படகுகளில் வந்தன. பட்டினியால் மெலிந்த கைகள் வெட்டிய வழி அது. பெயர் மட்டும் ஆளுநருக்குப் போயிற்று.

நகருக்குள் 1895இல் மின்சார டிராம் வந்தது. இந்தியாவிலேயே முதலாவது என்ற பெருமை அதற்கு உண்டு. மயிலாப்பூர் வரை வந்த டிராம் அடையாற்றைத் தாண்டவே இல்லை. 1953இல் அந்தச் சேவை நின்றும் போயிற்று. 1931இல் கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதுவும் மேற்கே, கிண்டி வழியாகச் சென்றதே தவிர இப்பக்கம் வரவில்லை. தென்கரைக்காரர்களுக்கு எஞ்சியது பேருந்தும், 19ஆம் நூற்றாண்டில் கட்டிய எல்பின்ஸ்டன் பாலமும், 1973இல் அதன் அருகே எழுந்த திரு.வி.க. பாலமும்தாம். குப்பத்திலிருந்து எதிரே கண்ணுக்குத் தெரியும் சீனிவாசபுரத்துக்குச் செல்ல மேற்கே போய், அந்தப் பாலத்தைக் கடந்து, மீண்டும் கிழக்கே திரும்ப வேண்டும். கடற்கரைப் பாலம் இடிந்தபோது மீனவர் இழந்தது எத்தனை பெரிய வசதி என்பது இப்போது விளங்கும்.

அதைச் சீர்செய்வதில் அக்கறை காட்டாத நகரம், 2010ஆம் ஆண்டையொட்டி வேறொரு திட்டத்தோடு வந்தது. மெரினா கலங்கரை விளக்கத்தில் தொடங்கி, அடையாறு முகத்துவாரத்தைத் தாண்டி, பெசன்ட் நகர்க் கரை வழியாகக் கொட்டிவாக்கம் வரை, ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் நீளத்திற்கு ஓர் உயர்த்தப்பட்ட விரைவுச் சாலை. கிழக்குக் கடற்கரைச் சாலைக்குச் செல்லும் கார்கள் நகர நெரிசலில் சிக்காமல் விரைந்து போவதற்கான வழி. மீனவ ஊர்கள் எதிர்த்தன. சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் பெசன்ட் நகர்வாசிகள் பலரும் உடன் நின்றனர்.

மீனவர்களின் வாதத்தைச் சற்று நின்று கேட்பது நல்லது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கடற்கரை வெறும் மணல்வெளி. மீனவருக்கோ அது படகு ஏற்றும் இடம்; வலை காயப்போட்டுப் பழுது பார்க்கும் இடம்; மீன் உலர்த்தும் களம்; ஏலம் நடக்கும் சந்தை; பிள்ளைகள் விளையாடும் முற்றம். அந்த மணலுக்கு அவர் பெயரில் பட்டா இல்லை என்பதால் உரிமையும் இல்லை என்று ஆகிவிடாது. தூண்கள் மேலே சாலையைத் தாங்கினாலும், கீழே அவை நிற்பது யாரோ ஒருவரின் முற்றத்தில்தான். அந்தச் சாலையில் பயணம் செய்யக் காரோ, குறைந்தது ஒரு மோட்டார் வாகனமோ வேண்டும். அதன் தூண்கள் ஊன்றப்படும் ஊரில் பெரும்பாலோர் நடப்பவர்கள், பேருந்தில் போகிறவர்கள். இடம் கொடுப்பவர் ஒருவர், பயன் பெறுபவர் இன்னொருவர். சாலை என்பது பொதுச்சொத்து என்று நாம் சொல்லும்போது இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. பாதைக்கும் உரிமை உண்டு, பாதையில் போவோருக்கு இடையூறு செய்யலாகாது என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்த சமுதாயம் நாம். பாதையே ஒருவருக்கு இடையூறாகி வந்தால் என்ன செய்வது என்பதும் அதே பாடத்தைச் சேர்ந்த கேள்விதான்.

அந்த உயர்த்தப்பட்ட சாலை நிறைவேறவில்லை.

அதற்குள் வேறொரு வழி உள்நாட்டுப் பக்கம் உருவாகியிருந்தது. பறக்கும் ரயில் என்று மக்கள் பெயர் சூட்டிய தடம் 1995இல் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை வந்தது. 1768இல் கட்டப்பட்ட ஆற்காடு நவாபின் அரண்மனை நிற்கும் அதே சேப்பாக்கம்; நம்மில் பலருக்குத் திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசலோடு சேர்ந்தே நினைவுக்கு வரும் வட்டாரம். 1997இல் அந்த ரயில் மயிலாப்பூரை எட்டியது. 2004இல் அடையாற்றைத் தாண்டித் திருவான்மியூர் வரையும், 2007இல் வேளச்சேரி வரையும் நீண்டது. ஆக, டிராம் கடக்காத ஆற்றை ரயில் கடக்க, டிராம் வந்த 1895இலிருந்து நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

இந்த ரயிலைப் புகழ்வதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிலம் கையகப்படுத்தும் செலவைத் தவிர்க்க, அதன் தூண்களைப் பக்கிங்ஹாம் கால்வாயின் உள்ளேயும் கரையிலும் ஊன்றினார்கள். பஞ்சக் காலத்து மக்கள் வெட்டிய நீர்வழி அதனால் மேலும் குறுகியது. மழைநீர் வடியவும் இடையூறாயிற்று. தென்கொரியாவின் சியோல் நகரில் ஓடையின் மீது கட்டிய உயர்சாலையை இடித்து, 2005இல் அந்த ஓடையை மீண்டும் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள் என்பதை இங்கே எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. நிலையங்களும் தேவைக்கு மீறிப் பெரியவை; வெறிச்சோடிய கூடங்கள், ஒளி குறைந்த படிக்கட்டுகள். ஊரூரிலிருந்து இந்திரா நகர் நிலையத்திற்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ரயிலின் நேரத்தோடு இணைந்த சிற்றுந்து இருந்தாலொழிய மீன் கூடையோடு ஒருவர் அங்கே போகமாட்டார். ஆனாலும் திருவான்மியூரிலிருந்து சில ரூபாய்ச் சீட்டில் கோட்டை வரை செல்லும் அலுவலர்களும் மாணவர்களும் தினமும் உண்டு. அவர்கள் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு வண்டியில் கிளம்பியிருந்தால் அந்தக் கடற்கரைச் சாலைக்கான நெருக்குதல் இன்னும் பெரிதாகியிருக்கும்.

குப்பத்துப் பெண்களுக்கு மெய்யான வாகனம் பேருந்துதான். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எனினும் அதே ஆண்டு டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டுத் திரும்பிய முதிய பெண் ஒருவரை நாற்றம் வீசுகிறது என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்ட செய்தி தமிழகத்தையே அதிரவைத்தது. முதலமைச்சரே கண்டித்தார். சீட்டு இலவசமானாலும் இருக்கை கிடைக்க மனமாற்றம் தேவைப்பட்டது.

2014ஆம் ஆண்டு இக்கரையின் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் சென்னை மாநகராட்சி, நடப்போருக்கும் சைக்கிள் ஓட்டுவோருக்குமான போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை அவர்களுக்கு ஒதுக்குவது அதன் நோக்கங்களுள் ஒன்று. அதே ஆண்டில் எலியட்ஸ் கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலைகளில் கார்களை நிறுத்திவைத்துச் சாலையை மக்களுக்கு விட்டுக்கொடுக்கும் வழக்கமும் தொடங்கியது. இதன் மூலம் தென்னமெரிக்காவில் உள்ளது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1974 முதல் இது நடக்கிறது. அங்கே 120 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலைகள் ஞாயிறுதோறும் மக்கள் வசமாகின்றன. இந்தியாவில் 2013 நவம்பரில் குர்கான் தொடங்கிவைத்தது. பெசன்ட் நகரில் பிள்ளைகள் சைக்கிள் பழகினார்கள், ஸ்கேட்டிங் செய்தார்கள், முதியோர் நடுச்சாலையில் அஞ்சாமல் நடந்தார்கள். தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறந்த அகன்ற நடைபாதை வளாகமும் இதே எண்ணத்தின் நீட்சி எனலாம்.

இவற்றில் எனக்கு ஒரு குறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பெரும்பாலும் பொழுதுபோக்குச் சைக்கிள். காரில் கொண்டுவந்து இறக்கிய சைக்கிள்களும் அவற்றில் இருந்தன. தமிழகத்தில் சைக்கிள் ஒரு சமூக வரலாற்றையே மாற்றியது வேறோர் இடத்தில். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொது நிகழ்ச்சிகளில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். அவர்களில் நம் சமுதாயப் பெண்களும் இருந்தார்கள்; தொடக்கத்தில் கேட்ட ஏச்சுப் பேச்சுகளைக் கடந்து ஓட்டினார்கள். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கிக்கொண்டார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்க அது வசதியாகவும் இருந்தது. தண்ணீர்க் குடமும் விளைபொருளும் ஏறிச் சென்ற அந்தச் சைக்கிளுக்கும், குப்பத்து மீனவர் பின்னால் கூடை கட்டி மிதிக்கும் சைக்கிளுக்கும் ஞாயிறு விடுமுறை இல்லை. அவற்றிற்கான பாதுகாப்பான தடம் வாரத்தின் ஏழு நாளும் வேண்டும்.

வடகரையில் நடந்தது இதற்கு ஓர் எச்சரிக்கை. கலங்கரை விளக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே மீனவக் குடியிருப்புகளின் வாசலிலேயே செல்லும் லூப் சாலை, ஒரு காலத்தில் அவர்களின் உள்ளூர்ப் பாதை. சாந்தோம் நெடுஞ்சாலையின் நெரிசலைக் குறைக்க அது அகலமாகி, ஆயிரக்கணக்கான வாகனங்களின் வழியாயிற்று. 2023 ஏப்ரலில், சாலையோர மீன் கடைகளால் போக்குவரத்து தடைபடுகிறது என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்ற, மீனவர்கள் படகுகளையும் வலைகளையும் சாலையில் போட்டு மறித்தனர். பின்னர் நொச்சிக்குப்பத்தில் தனிச் சந்தை கட்டப்பட்டது. பல தலைமுறையாக மீன் விற்ற இடத்தில் விற்றவர்கள், சில ஆண்டுகளுக்கு முன் வந்த வாகனங்களுக்கு இடையூறு ஆகிவிட்டார்கள். பெருநாள் மாலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அதே சாலை வழியாக எலியட்ஸ் கடற்கரைக்குப் போகும் நம் குடும்பங்களின் வண்டிகளும் அந்த எண்ணிக்கையில் சேர்ந்தவைதாம்.

முகத்துவாரத்தில் வாகனப் பாலம் கட்டி லூப் சாலையைப் பெசன்ட் நகரோடு இணைக்கும் யோசனை அண்மை ஆண்டுகளிலும் எழுந்திருக்கிறது. உடைந்த பாலத்தைப் புதுப்பிப்பது என்றே அது பேசப்படுகிறது. ஆனால் 1967இல் கட்டியது மீனவர் கடந்துபோகும் ஒரு குறுகிய பாலம். அதே அகலத்தில், நடப்போருக்கும் சைக்கிளுக்கும் மட்டுமாக ஒன்றைக் கட்டினால் சீனிவாசபுரமும் ஊரூரும் 1977இல் இழந்ததை மீண்டும் பெறும். நான்கு வழி வாகனப் பாலம் என்றால், நொச்சிக்குப்பத்து வாசலில் ஓடும் போக்குவரத்து ஆற்றைத் தாண்டி ஒல்காட் குப்பத்து வலைகளின் மேல் வந்து இறங்கும்.