எரிமலை பிடித்த குடை

1991-ம் வருடம், ஜூன் 15. பிலிப்பைன்ஸின் லூசான் தீவில், சுமார் ஐந்நூறு வருடங்களாகச் சாதுவாக இருந்த பினடூபோ மலை வெடித்துச் சிதறியது. போதாக்குறைக்கு அதே நாளில் யுன்யா என்ற புயலும் வந்து சேர்ந்தது. மழையில் ஊறிய சாம்பலின் பாரம் தாங்காமல் வீட்டுக் கூரைகள் பொலபொலவென்று விழுந்தன. நூற்றுக்கணக்கானோர் இறந்துபோனார்கள். விஞ்ஞானிகள் முன்கூட்டியே எச்சரித்து, பல்லாயிரம் பேரை வெளியேற்றியிருக்காவிட்டால் சாவுக் கணக்கு எங்கேயோ போயிருக்கும்.

சாம்பல் சீக்கிரமே கீழே வந்துவிட்டது. ஆனால், வராமல் மேலேயே தங்கிவிட்ட சரக்கு ஒன்று உண்டு. சுமார் ஒன்றரைக் கோடி டன்னுக்கும் மேலான சல்ஃபர் டை ஆக்சைடு வாயு. அது மேகங்களைத் தாண்டிப் போய், நீராவியோடு சேர்ந்து, கண்ணுக்கே தெரியாத கந்தக அமிலத் துளிகளாக மாறியது. காற்றில் மிதக்கும் இப்படிப்பட்ட நுண்துகள்களுக்கு ஏரோசால் என்று பெயர். அந்த உயரத்தில் மழை கிடையாது. கழுவி இறக்க ஆள் இல்லை. எனவே, துளிகள் பூமியைச் சுற்றிப் பரவி, வெயிலில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பி அனுப்பின.

நியூயார்க்கில் இருந்த நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சென் நிமிர்ந்து உட்கார்ந்தார். 1988-ல் அமெரிக்க செனட் கமிட்டியின் முன்னால், 'பூமி சூடாக ஆரம்பித்துவிட்டது' என்று சாட்சி சொன்னவர் அவர்தான். கம்ப்யூட்டர் போடும் கணக்கை எப்படி நம்புவது என்று பலர் சந்தேகப்பட்டார்கள். இதோ, இயற்கையே ஒரு பரீட்சை வைத்திருக்கிறது!

ஹான்செனும் சகாக்களும் கணக்குப் போட்டார்கள். 1992 ஜனவரியில் விடையை அச்சிலும் போட்டுவிட்டார்கள். பூமியின் சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி இறங்கும். அப்புறம் மீண்டும் ஏறும். தப்பாகிப் போனால் மானம் போய்விடும். போகவில்லை. 1992-ல் பூமி ஏறக்குறைய அவ்வளவு குளிர்ந்தது. துளிகள் மெல்ல இறங்கியதும், 1995-ல் பழைய சூட்டுக்குத் திரும்பிவிட்டது.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? விஷயமே இங்கேதான் இருக்கிறது.

நிலக்கரியை எரிக்கும் மின் நிலையமும், கப்பல் எஞ்சினும் அதே கந்தகப் புகையைத்தான் கக்குகின்றன. இந்தப் புகை தாழ்வாகவே திரிவதால், ஓரிரு வாரங்களில் மழை அதைக் கழுவிவிடும். ஆனால், நாம் தினமும் புதிதாக ஊதிக்கொண்டே இருக்கிறோமே! கரி படிந்த புகை வெயிலை உறிஞ்சிச் சூட்டைக் கூட்டும் என்பது உண்மை. ஆனாலும் மொத்தமாகக் கூட்டிக் கழித்தால், ஏரோசால்களின் பலன் குளிர்ச்சிதான். 2021-ல் வெளியான ஐ.நா. பருவநிலைக் குழுவின் அறிக்கைப்படி, மனிதன் ஏற்றிய சூட்டில் சுமார் 0.4 டிகிரியை இவை மறைத்து வைத்திருந்தன. கடனை மறைத்து எழுதிய பாலன்ஸ் ஷீட் மாதிரி.

அப்படியானால் புகை நல்லதா? சத்தியமாக இல்லை. இதே நுண்துகள்கள்தான் நுரையீரலுக்குள் புகுந்து, ஆண்டுதோறும் லட்சக்கணக்கான உயிர்களைக் குடிக்கின்றன. அதனால்தான் 2020 ஜனவரி முதல், கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பை 3.5 சதவிகிதத்திலிருந்து 0.5 ஆகக் குறைத்தார்கள். காற்று சுத்தமாகும். கூடவே குடையும் கொஞ்சம் மடங்கும்.

குடை மடங்கினால் வெயில் உறைக்கும். ஏனென்றால், புகை சில நாட்களில் காணாமல் போய்விடும். கூடவே வெளியேறிய கார்பன் டை ஆக்சைடின் கணிசமான பங்கு நூற்றாண்டுகளுக்கு மேலேயே இருக்கும். ஆகவே புகையை மட்டும் குறைத்தால் போதாது, கார்பனையும் சேர்த்தே குறைத்தாக வேண்டும்.

அடுத்த முறை முன்னால் போகும் லாரி உங்கள் முகத்தில் கரும்புகை விட்டால், தாராளமாகத் திட்டுங்கள். ஆனால், கண்ணுக்குத் தெரிகிற புகையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். தெரியாத இன்னொன்றும் அதே குழாய் வழியாகத்தான் வருகிறது.